கண்ணால் பார்த்த வாக்கியங்கள்

என்னைப் பற்றி இங்கிலீஷில் எழுதப்பட்ட முதல் வாக்கியம், எங்கள் வீட்டுக் கிணற்றின் இற்றுப்போன கயிற்றை நான் மூன்று மாதமாக மாற்றாமல் இருந்ததைப் பற்றியது. எழுதியவள் என் மனைவி பிரம்மநாயகி. 'ப்ரொகிராஸ்டினேட்' என்றால், செய்ய வேண்டியதை நாளை நாளை என்று தள்ளிப்போடுவதாம். அத்தனை நீளமான சொல்லை அகராதியில் தேடிப்பிடித்து, அதைக் கட்டின புருஷன் தலையில் இறக்கிவைத்தாள். வாக்கியத்தைப் படித்த அன்று சாயங்காலமே நான் புதுக் கயிறு வாங்கி வந்துவிட்டேன். அவள் அதற்காக வாக்கியத்தை அடிக்கவில்லை.

"எழுதினப்போ அது உண்மைதானே" என்றாள்.

என் பெயர் கைலாசம். சங்கரன்கோவில் தேவஸ்தான ஆபீஸில் குமாஸ்தா. என்னுடைய இங்கிலீஷ், வந்த கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டுத் தொடங்கி, பணிவான கையெழுத்தில் முடிந்துவிடும். நடுவில் பெரிதாக ஒன்றும் இருக்காது. நாயகியின் இங்கிலீஷ் அப்படிப்பட்டதல்ல. அது எப்படி வளர்ந்தது, ஒருநாள் எப்படிச் சறுக்கியது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மனைவியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவனை ஊர் எந்தக் கண்ணால் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுப் போகட்டும்.

1950ஆம் வருஷம் அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். அடுத்த வருஷம் தலைமையாசிரியை ஓய்வு பெறப்போகிறார். அந்த நாற்காலி தனக்கு வேண்டும் என்று நாயகி நினைத்தாள். நினைத்ததை மறைக்கத் தெரியாதவள், எல்லாரிடமும் சொல்லியும் விட்டாள். ஆனால் அதற்கு மெட்ரிக் பாஸ் செய்திருக்க வேண்டும். வீட்டிலிருந்தே படித்து இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் மற்ற பாடமெல்லாம் தேறி இங்கிலீஷில் மட்டும் கவிழ்ந்தாள்.

கவிழ்த்தது ஒரே ஒரு கேள்விதான். பத்துக் கடினமான சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்வார்கள். அதற்கென்று ஒரு கைடு வைத்திருந்தாள். அதில் சிங்கம் இருந்தது, ராஜா இருந்தார், பனிமலை இருந்தது, புயலில் சிக்கிய கப்பல் தலைவன் இருந்தான். நானூறு வாக்கியங்களை உருப்போட்டாள். பரீட்சை மண்டபத்தில் எல்லாம் இடம் மாறிப்போயின. கப்பல் தலைவனுக்கு உரிய சொல் சிங்கத்துக்குப் போயிற்று, சிங்கத்துடையது ராஜாவின் மாமியாருக்குப் போயிற்று.

இரண்டாவது தோல்வி தெரிந்த அன்று அவள் அழவில்லை. வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் பசியும் வரும்.

"சிங்கத்தை நான் பாத்ததில்ல. பனியையும் பாத்ததில்ல. பாக்காததப் பத்திச் சொந்த வாக்கியம் எழுதுன்னா எங்கிட்டு எழுத?" என்றாள்.

"அப்ப எதைத்தான் பாத்திருக்க?" என்று கேட்டேன்.

"சங்கரன்கோவிலப் பாத்திருக்கேன்."

மறுநாள் கைடைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் வேலை செய்த முறை இதுதான். காலையில் அகராதியிலிருந்து ஒரே ஒரு சொல். அதை அடுப்பங்கரைச் சுவரில் கரித்துண்டால் எழுதுவாள். மாவு ஆட்டும்போதும், பள்ளிக்கூடம் போகும்போதும் சொல் வாயில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான ஆளோ காரியமோ ஊருக்குள் அன்று கண்ணில் பட வேண்டும். பட்டால், விளக்கு வைக்கும் நேரத்தில் நோட்டில் பெயரோடு ஒரு வாக்கியம் எழுதிவிட்டுச் சுவரைத் துடைப்பாள். படாவிட்டால் சொல் சுவரிலேயே இருக்கும், புதுச் சொல் கிடையாது. கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதுவது என்பது அவள் போட்டுக்கொண்ட சட்டம். கேள்விப்பட்டது, ஊகித்தது எதுவும் உள்ளே வரக்கூடாது.

'பனசியா' என்றால் சகல நோய்க்கும் ஒரே மருந்து. அதற்கு அவள் கஷ்டப்படவே இல்லை. எதிர்வீட்டில் பையனுக்குத் தேள் கொட்டினாலும், அவன் அப்பாவுக்கு வயிறு வலித்தாலும், கன்றுக்குட்டி தள்ளாடினாலும் கோயில் புற்றுமண்தான் பூசுவார்கள். 'காண்டெம்ப்ளேட்' என்றால் ஆழ்ந்து சிந்திப்பது. திருவேங்கடம் போகும் பஸ்ஸின் சக்கரம் பங்க்சரானபோது டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அதைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், அதை எழுதினாள். 'ககாஃபனி' என்றால் காதைக் குடையும் இரைச்சல். ஆடித்தபசுத் திருவிழா அன்று ரத வீதியில் மேளமும், பீப்பீ ஊதலும், பிள்ளையைத் தொலைத்த தாய்மார்களின் கூப்பாடும் ஒன்றாகக் கேட்டபோது கூட்டத்தின் நடுவில் நின்று என் கையைக் கிள்ளி, "ககாஃபனி, ககாஃபனி" என்று கத்தினாள். பக்கத்தில் நின்றவர்கள் சாமி வந்துவிட்டதென்று வழிவிட்டார்கள்.

பெருந்தன்மைக்கான சொல் மட்டும் ஒன்பது நாள் சுவரிலேயே கிடந்தது. எங்கள் ஊரைப் பற்றி நான் இதற்குமேல் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒன்பதாம் நாள் ஒரு பூக்காரி, காலையில் குடுமிப்பிடிச் சண்டை போட்ட பக்கத்துப் பூக்காரிக்கு மழையில் தன் சாக்கைக் கொடுத்தாள். நாயகி நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடி வந்து எழுதினாள்.

விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. "டீச்சர், எனக்கு என்ன வார்த்தை?" என்று வழியில் நிறுத்திக் கேட்க ஆரம்பித்தார்கள். தையல்கடை சுலைமானுக்கு 'மெட்டிகுலஸ்' கிடைத்தது. அளவை மூன்று தரம் எடுத்து, நூலின் நிறத்தை வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்த பிறகே ஊசியைத் தொடுகிற மனிதர் அவர். பொருளைக் கேட்டதும் பெயிண்டரை அழைத்து, போர்டில் தன் பெயருக்கு முன்னால் அதைப் பெரிதாக எழுதவைத்துவிட்டார். அது ஏதோ லண்டன் பட்டம் என்று நினைத்துச் சிவகிரியிலிருந்துகூட கல்யாணத் துணி வந்தது. நாயகி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்ற பேர் அப்படி வளர்ந்தது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

நோட்டைத் திருத்தியவர் டாக்டர் ஞானபூரணம். பாளையங்கோட்டைக்காரர். எங்கள் ஊரில் எட்டுக் கட்டில் போட்டு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்த மூன்று பேரில் அவரும் ஒருவர். கண்டிப்பான மனுஷி. பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது, காலையும் கழுவ வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி ஆயா கோமதித்தாய் வந்து நோட்டை வாங்கிப் போவாள். டாக்டர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, சிவப்புப் பென்சிலால் திருத்தி அனுப்புவார்.

"இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு டீச்சர். ஊரை எனக்குக் காட்டினது உங்க நோட்டுதான்" என்று ஒருமுறை நாயகியிடம் சொன்னாராம். அன்று அவள் கால் தரையில் பாவவில்லை.

இனி மாடத்தி. ஊருக்குக் கிழக்கே இருக்கிற ஒரு சிற்றூரிலிருந்து தினமும் நடந்து வந்து பால் ஊற்றுகிறவள். எங்கள் தெருவில் ஏழெட்டு வீடு, அதன்பின் டாக்டரின் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிப் பால் கிடைத்த தைரியத்தில், அவளும் புருஷன் உச்சிமாகாளியும் குருவிகுளத்திலிருந்து இரண்டாவது எருமையைப் பிடித்து வந்திருந்தார்கள். காலையில் அவள் தெருவுக்குள் நுழையும்போது, ஏதாவது ஒரு வீட்டு ஆண்பிள்ளை பல் தேய்த்துக்கொண்டே கேட்பது வழக்கம்: "ஏட்டி மாடத்தி, இன்னைக்கு எந்தக் கிணத்துப் பாலு?" அது குசலம் விசாரிப்பது போலத்தான். யாரும் அதற்கு அர்த்தம் பார்ப்பதில்லை. நான் கேட்டால் அவள், "உங்க வீட்டுக் கிணத்துப் பாலுதான் அண்ணாச்சி. கயிறு இத்துப்போச்சுன்னுதான் கொஞ்சமா எடுத்தேன்" என்பாள்.

1951 மாசி மாதம். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. சுவரில் 'அடல்ட்ரேட்' என்ற சொல் ஐந்து நாளாகக் கிடந்தது. கலப்படம் செய்வது என்று பொருள். நாயகி பலசரக்குக் கடைக்குப் போய்ப் பருப்பில் கல் தேடினாள், எண்ணெய்ச் செக்கடிக்குப் போய் நின்றாள். அவள் நோட்டின் பேர் அவளுக்கே இடைஞ்சலாக இருந்தது. டீச்சர் வருகிறாள் என்றதும் கடைக்காரர்கள் சுத்தமான மூட்டையைப் பிரித்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கோமதித்தாய் வாசலில் வந்து நின்றாள்.

"வெரசாக் குடுங்க டீச்சர். எட்டாம் நம்பர் கட்டிலுக்கு வலி எடுத்துட்டு."

நாயகி நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நான் சாய்வு நாற்காலியில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க அவள் ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு அழுததில் எனக்கும் சலித்துவிட்டது.

"மாடத்தி இருக்காள்ல? பாலுல தண்ணி ஊத்தாத பால்காரி எந்த ஊர்லட்டி இருக்கா? எழுதிட்டுக் குடுத்து விடு" என்றேன்.

"நான் பாக்கலியே."

"ஊரே தெனமும் கேக்குதே, நீ தனியா வேற பாக்கணுமா?"

கோமதித்தாய் சிரித்தாள். நாயகியும் சிரித்தாள். மாடத்தி பாலில் கலப்படம் செய்கிறாள் என்று ஒரு வரி எழுதி, மை காய ஊதி, நோட்டைக் கொடுத்துவிட்டுச் சுவரைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை காலை மாடத்தி எங்கள் வீட்டுக்கு வரும்போது தலையிலிருந்த பெரிய தூக்கு நிறைய பால் இருந்தது. வழக்கமாக ஆஸ்பத்திரிக்குக் கடைசியில்தான் போவாள். அன்று எட்டாம் நம்பர் கட்டிலுக்கு முதலில் வேண்டும் என்று அங்கே போய்விட்டு வந்திருக்கிறாள்.

"டாக்டரம்மா பாலை வேண்டாம்னுட்டாக டீச்சரம்மா. நாளையிலருந்தும் வேண்டாமாம்."

"என்னத்துக்காம்?" என்றாள் நாயகி.

"ஒண்ணும் சொல்லல. பச்சைப்பிள்ளைக்காரிக குடிக்கிற பாலு, இதுல போயி இப்பிடிச் செய்யலாமான்னு மட்டும் கேட்டாக. நான் என்ன செஞ்சேன்னே எனக்குத் தெரியல. அந்த ரெண்டாவது எருமைய இனி என்ன செய்ய?"

நாயகியின் முகம் வெளுத்துப்போனது. நான் பேசாமல் இருந்திருப்பேன், அதை ஒளிக்க மாட்டேன். அவள் இருக்கவில்லை.

"நான்தான் காரணம் மாடத்தி. நீ பாலுல தண்ணி கலக்கிறன்னு என் நோட்டுல எழுதுனேன். டாக்டர் அதப் படிச்சிருக்காக."

மாடத்தி தூக்கை இறக்கிவைத்தாள். "பாத்தியளா டீச்சரம்மா?"

"இல்ல."

"பாக்காமலா எழுதுவிய?"

மாடத்தி எங்கள் உழக்குப் பாலை அளந்து ஊற்றினாள். நுரை அடங்கும்வரை பார்த்து, குறைந்ததற்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் நாயகி சேலை மாற்றக் கிளம்பினாள். "பரீட்சை முடியட்டுமே. கமிட்டியில அந்தம்மா ஓட்டும் வேணும்லா?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த அகராதியிலும் சொல் இருக்காது. நானும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். யோசனை கொடுத்தவன் நான், வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

அதுவரை நாயகி இங்கிலீஷை எழுதியிருக்கிறாளே தவிர, ஒருவரிடமும் பேசியதில்லை. டாக்டரின் மேஜைக்கு முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக இங்கிலீஷில் பேசினாள். நான் எழுதியது பொய், என் கண்ணால் பார்க்கவில்லை, ஒரு சொல்லுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு நல்ல பெண்ணின் பெயரைப் போட்டுவிட்டேன் என்று சொன்னாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பெரிய சொல் ஒன்றுகூட அதில் இல்லை என்பதை நான் கவனித்தேன்.

டாக்டர் தமிழில் பதில் சொன்னார். "அப்போ இந்த நோட்டுல வேற எதெல்லாம் பொய் டீச்சர்?"

"வேற ஒண்ணுகூட இல்ல."

"அதை நான் எப்படி நம்புறது?"

நாயகிக்கு அதுதான் பெரிய அடி. டாக்டர் நோட்டை மூடிவைத்துவிட்டு, "மாடத்தியைப் பால் கொண்டுவரச் சொல்லுங்க. லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்போம். சரியா இருந்தா மறுபடி எடுத்துக்கறேன்" என்றார்.

எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வெயிலோடு வெயிலாக மாடத்தியின் ஊருக்கு நடந்தோம். அவள் எருமைக்குப் பருத்திக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தாள். பாலில் கருவியைப் போட்டால் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று காட்டிவிடும் என்று நாயகி விளக்கினாள். மாடத்தி கையை நிறுத்தாமல் முழுவதும் கேட்டாள்.

"அந்தக் கருவி காலையிலயும் அவுகட்டத்தான இருந்துது? நிறுத்தும்போது அளக்கல. இப்ப மட்டும் என்னத்துக்கு அளக்கணும்?"

நான் ஏதோ சமாதானம் சொல்லப்போனேன்.

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. உங்க தெருவுல இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள நாலு வீடு நாளைக்குப் பாலு வேண்டாம்னு ஆள் விட்டுச் சொல்லிட்டாக. தெனமும் எந்தக் கிணத்துப் பாலுன்னு கேட்டவுகதான். அன்னைக்கெல்லாம் வாங்கிக் குடிச்சாக. இங்கிலீசுல எழுதினப்பொறவு வேண்டாமாம். தமிழ்ல சொன்னா வெளையாட்டு, இங்கிலீசுல எழுதினா நெசமா?"

எங்கள் ஊரின் அசட்டுத்தனத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. கோமதித்தாய் ஊருக்குள் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள், தாலுகாக் கச்சேரி மனுவிலும் கோர்ட்டு உத்தரவிலும் இங்கிலீஷைப் பார்த்தே பழகிய எங்கள் ஆட்கள் அதைத் தீர்ப்பென்றே எடுத்துக்கொண்டார்கள். அதே கேலியைத்தான் நானும் மனைவியின் நோட்டில் ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முழுத்தாளை எடுத்தாள். மேலே இங்கிலீஷிலும் கீழே தமிழிலும் எழுதினாள். மாடத்தி பாலில் தண்ணீர் கலப்பதாக நான் எழுதியது பொய். நான் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதியது என் குற்றம், அவள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. இப்படிக்கு பிரம்மநாயகி, ஆசிரியை.

"ஆசிரியைங்கிறத எடுத்திரு. கமிட்டிக்காரங்க கண்ணுல பட்டா அந்த நாற்காலி போச்சு" என்றேன்.

"போனாப் போட்டும். அவ சொல்லுத நெசத்தை எவனும் கேக்கலங்க, நான் எழுதின பொய்யைக் கேட்டானுவ. நான் டீச்சர்ங்கிறதாலதான கேட்டானுவ? அதே பேரோடதான் இதுவும் இருக்கணும்."

"சொன்னவன் நான். என் பேரையும் போடு."

"எழுதினது நான்தான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் உறைத்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, பார்வையாளர்கள் வந்து குவியும் நேரத்தில், ஆஸ்பத்திரி வாசல் கதவில் அதை ஒட்டினாள். பசைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனது நான். என் பங்கு அவ்வளவுதான். கூட்டம் கூடியது. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள். ஒருவர் முழுவதும் கேட்டுவிட்டு, "ஏம்மா, நீயே உன் மூஞ்சில கரியப் பூசிக்கிடுத?" என்று கேட்டார். நாயகி நிமிர்ந்து, "ஆமா, நான்தான பூசணும்? வேற யாரு பூசுவா?" என்றாள். கதவருகிலேயே இருட்டும்வரை நின்றாள், கேட்டவர்களுக்கெல்லாம் திரும்பச் சொன்னாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவளிடம் எனக்கு இருந்த மரியாதை, கல்யாணமான பதினான்கு வருஷத்தில் இருந்ததைவிட அதிகம்.

மறுநாள் காலையில் தாள் கிழிக்கப்பட்டிருக்கும் என்று நினைத்துப் போனேன். இருந்தது. அதன் கீழே சிவப்புப் பென்சிலில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'விசாரிக்காமல் பாலை நிறுத்தியது என் தவறு. ஞானபூரணம்.'

டாக்டர் அத்துடன் விடவில்லை. குதிரை வண்டி வைத்துக்கொண்டு மாடத்தி ஊருக்கே போனாராம். என்ன பேசினார்கள் என்று இருவரும் கடைசிவரை சொல்லவில்லை. அந்தக் கருவியைக் கொண்டுபோகவில்லை என்று மட்டும் வண்டிக்காரர் மூலம் தெரிந்தது. புதன்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாடத்தியின் பால் போனது. நிறுத்திய நாலு வீடும் மறுபடி கூப்பிட்டன. அவள் இரண்டு நாள் அலையவிட்டுத்தான் ஊற்றினாள். தெருவில் அந்தக் கிணற்றுக் கேள்வியை அதற்குப்பின் ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் மட்டும் அவள் நிற்கவில்லை. நாயகி செம்பை எடுத்துக்கொண்டு போய் நின்றாள். "பாலு இல்ல டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு மாடத்தி நிறைந்த தூக்கோடு தாண்டிப் போனாள். நாயகி வெறும் செம்போடு உள்ளே வந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடுங்காப்பிதான். வேறு ஆளிடம் பால் வாங்கலாம் என்று நான் சொன்னேன், அவள் கேட்கவில்லை. எனக்கும் அந்தக் கடுங்காப்பி தகும் என்று பட்டது.

மூன்று வாரம் கழித்துப் பாளையங்கோட்டையில் பரீட்சை. பத்துச் சொல்லுக்கும் சங்கரன்கோவிலிலிருந்தே ஆள் கொடுத்தாள். மண்டபத்தைவிட்டு வெளியே வரும்போதே, "தேறிட்டேன்" என்றாள். ரிசல்ட் வர இரண்டு மாதம் இருக்கிறதே என்றேன். "அது அவங்களுக்கு" என்றாள். தேறித்தான் இருந்தாள்.

கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக் கதவுத் தாளை ஞாபகப்படுத்தினார். தான் பொய் எழுதியதாகத் தானே ஊரறியப் போட்டவளிடம் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது என்று கேட்டார். டாக்டர் ஞானபூரணம், "அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. அப்படியானால் நானும் இந்த நாற்காலியில் இருக்கக் கூடாது" என்று எழுந்துவிட்டார். அவரை உட்காரவைப்பதற்குள் மற்ற இருவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. நாயகி தலைமையாசிரியை ஆனாள்.

நோட்டை அவள் நிறுத்தவில்லை. சுவரில் கரி, விளக்கு வைக்கும் நேரத்தில் வாக்கியம், எல்லாம் பழையபடியே. ஒரு மாற்றம் மட்டும் வந்தது. யாரைப் பற்றி எழுதினாலும், மறுநாள் அவர்களிடமே போய் தமிழில் வாசித்துச் சொல்வாள். சிலர் சிரித்தார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள். சண்டைக்கு வந்தவர்களில் இரண்டு பேர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டு, எழுதிய வாக்கியத்தை அடித்திருக்கிறாள். என் வாக்கியம் ஒன்றைக்கூட அடித்ததில்லை.

1953 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். அவளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்க நான் போயிருந்தேன். அறை வாசலில் மாடத்தி நின்றாள். கூடவே எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஒரு பெண். மூத்த மகள் இசக்கித்தாய். ஊர்ப் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு முடித்தவள். அவர்கள் சாதிசனத்தில் அதற்குமேல் எந்தப் பெண்ணும் படித்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு மேலாக அவர்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. நாயகி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"வா மாடத்தி. உட்காரு."

மாடத்தி உட்காரவில்லை. "இங்கன ஆறாங் கிளாசுலருந்து இங்கிலீசு உண்டாமுல்ல?"

"உண்டு."

"அப்பம் இவளச் சேத்துக்கிடுங்க. இவ அய்யா வேண்டாம்னுதான் சொல்லுதாரு, அவரை நான் பாத்துக்கிடுதேன்."

நாயகிக்குக் கண் கலங்கியது. "உனக்கு எம்மேல இருந்த கோவம் போயிட்டா மாடத்தி?"

"கோவம் போகல டீச்சரம்மா" என்றாள் மாடத்தி. குரலில் சூடே இல்லை. "இவளுக்கு நல்லாச் சொல்லிக்குடுங்க. இனிமே எம்பேரை எவரு எங்கன எழுதினாலும், எம் மக வாசிச்சு எங்கிட்டச் சொல்லணும். அதுக்குத்தான் கூட்டியாந்தேன்."

நாயகி சேர்க்கைப் புத்தகத்தை எடுத்து, பெண்ணின் பெயரையும் தாயின் பெயரையும் எழுதினாள். எழுதிய பக்கத்தை மாடத்தியின் பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்து வாசித்துக் காட்டினாள். மாடத்தி கடைசி எழுத்துவரை பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தாள்.